காய்ந்த ஆற்றின் வடகரை

அன்புள்ள சின்னவனுக்கு,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமலே படுத்துவிடுகிறாய் என்று உன் அம்மா சொல்லி வருத்தப்பட்டாள். போனில் பேசினால் நடுவில் உன் அப்பா வாங்கிக்கொள்வார், பேச்சு பழைய இடத்துக்கே போய்விடும். அதனால்தான் பெரியப்பா கடிதம் எழுதுகிறேன்.

போன மாதம் சிப்காட் பக்கத்து உன் அறையில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாலு பையன்கள். பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்ட மேசை. தெர்மாகோலில் வெட்டி மண்நிறம் பூசிய கரை, நடுவே கொசஸ்தலை ஆறு. இந்தப் பக்கம் சிவப்புச் சட்டை போட்ட கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள், அந்தப் பக்கம் திப்புவின் குதிரைப்படை. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மைகளுக்கு மீசை வரைந்திருந்தாய்.

ஆனால் ஆறாவது சுற்றில் நடந்தது மனசுக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது இருபது முகப் பகடையை உருட்டுகிறீர்கள். உன் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதோ அது நடந்துவிடுகிறது. பதினேழு விழுந்தது. வெடிமருந்து வண்டி வெடித்தது. கும்பினிப் பக்கம் ஆடிய பையன் இரண்டு மணி நேரமாக அந்த வண்டிகளை மேட்டுக்குப் பின்னால், மறைவில், பொறுமையாக வைத்துக் காப்பாற்றி வந்தான். ஒரே உருட்டலில் எல்லாம் போயிற்று. அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துவிட்டு, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தில் இல்லை.

படி இறங்கும்போதுதான் நீ இன்னொரு விஷயத்தைச் சொன்னாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் வீட்டுத் திண்ணையில் மூன்று ஆட்டம் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம். காய் போய் நின்ற இடத்தில் பாம்பு இருந்தால் இறங்க வேண்டும், ஏணி இருந்தால் ஏற வேண்டும். ஆடுகிறவர் யோசிக்க ஒன்றுமில்லை. விடிய விடியக் கண் விழிக்க அது போதும். ஆடுபுலி ஆட்டம் இதற்கு நேர் எதிர். மூன்று புலி, பதினைந்து ஆடு, பகடை என்பதே கிடையாது. பழைய கோயில் மண்டபங்களில் கல்தரையில் வெட்டிவைத்த கோடுகளைக் காட்டியிருக்கிறேனே, அந்தக் கோடுகள்தான் அங்கே நிலம். எந்தப் புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியும், எதில் முடியாது என்பதை நிலம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

உன் பாட்டி ஆடியது தாயம். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்த மூன்று முகம், ஒரு முகம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில்: ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி, மற்றதில் வெறுமை. அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று விழ நாலு விதம் உண்டு. பன்னிரண்டுக்கு ஒரே விதம்தான், இரண்டும் வெறுமையாக விழ வேண்டும். எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல், ஒரு காய்கூடக் கட்டத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பாட்டி அதற்கெல்லாம் அசந்ததில்லை. விழுவது கட்டையின் பாடு. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது அவர் பாடு. பெருக்கல் குறி போட்ட கட்டத்தை மலை என்பார். மலையில் ஏறிய காயை யாரும் வெட்ட முடியாது. மலைக்கு இரண்டு கட்டம் இருக்கிறது, பின்னால் மூன்று கட்டம் தள்ளி எதிரிக் காய் நிற்கிறது, கையில் விழுந்ததோ நாலு. மலையைத் தாண்டி வெட்டவெளியில் நிற்பதா, வேறு காயை நகர்த்திவிட்டு இதை வெட்டுக்கு விடுவதா? அந்த அரை நிமிஷத்தில் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஆட்டம் என்றால் என்ன என்று தெரியும்.

உன் பட்டியல் பரமபதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பெரியப்பாவுக்கு உறுத்தியது அதுதான்.

இந்த மேசைப் போர் விளையாட்டைத் தொடங்கியவர்களும் நிலத்தில்தான் முதலில் கை வைத்தார்கள். 1812-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் ஆறு, மேடு, காடு எல்லாவற்றையும் பிளாஸ்டரில் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கும்படி ஒரு மேசையாக்கி அரசருக்குக் கொடுத்தார். ராணுவ அதிகாரியான அவருடைய மகன் 1824-ல் அதை 1:8000 அளவு வரைபடத்துக்கு மாற்றினார். சேதம் எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும். எதிரியின் கண்ணுக்குப் படாத படையை நடுவர் பலகையிலேயே வைக்க மாட்டார். படைத் தலைமைப் பணியகத்தின் தலைவரான முஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று படைக்கே பரிந்துரைத்தார். அதற்கு 89 வருஷம் கழித்து, 1913-ல், எச். ஜி. வெல்ஸ் லிட்டில் வார்ஸ் எழுதியபோது பகடையைத் தூக்கிவிட்டு, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் குறி பார்த்துச் சுட வைத்தார்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன வார்ஹாமர் பொம்மைப்போர் விதிப் புத்தகத்தையும் பார்த்தேன். 2010-ல் வந்த எட்டாம் பதிப்பு. அதில் மர்மக் காடு என்று ஒன்று வருகிறது. ஒரு படை உள்ளே காலை வைக்கும்போதுதான் பகடை உருட்டி அது என்ன காடு என்று தெரிந்துகொள்ள வேண்டும்; சாதாரண மரங்களாகவும் இருக்கலாம், ஆளைத் தாக்கும் மரங்களாகவும் இருக்கலாம். குறை சொல்ல இடமுண்டு. எந்த ஊரானும் தன் பக்கத்துக் காட்டைப் பற்றி இவ்வளவு அறியாமல் இருக்க மாட்டான். ஆனால் ஒரு விஷயத்தில் அது உன் பட்டியலைவிட நேர்மையானது. காட்டுக்குள் நுழைந்தால்தான் பகடை. சுற்றிப் போகிறவனைத் தேடிவந்து அது கடிப்பதில்லை.

இப்போது உன் ஆட்டத்தின் கதைக்கே வருவோம். 1780 ஆகஸ்ட். ஹைதர் அலி ஆற்காட்டை முற்றுகையிட்டிருந்தார். குண்டூரிலிருந்து கும்பினியின் கர்னல் பெய்லி மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த படையோடு, இன்று நீ வேலை பார்க்கும் இந்த வடக்குச் சீமை வழியாக இறங்கி வந்தார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் பெரிய படையோடு சேர வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலைக் கரைக்கு வந்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் இல்லை. நடந்தே கடந்திருக்கலாம். அவர் வடகரையில் கூடாரம் போட்டார். அன்று இரவு மழை, ஆறு பெருக்கெடுத்தது. செப்டம்பர் 3 வரை அந்தப் படையால் கடக்க முடியவில்லை.

அந்த நாட்கள் ஹைதரின் மகன் திப்புவுக்குக் கிடைத்தன. செப்டம்பர் 6 அன்று நம் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் அவர் பெய்லியை மறித்தார். மன்றோ இருந்தது அங்கிருந்து பதினைந்து மைலுக்குள்தான். உதவிக்குச் சுமார் ஆயிரம் பேரோடு வந்த கர்னல் ஃபிளெட்சர், வழிகாட்டிகள் மேல் சந்தேகப்பட்டு வேறு வழியில் இரவோடு இரவாக நடந்து, 9-ம் தேதி காலை வந்து சேர்ந்தார். அன்று இரவு புறப்பட்ட பெய்லி, பாதி வழியில், விடியட்டும் என்று மறுபடியும் நின்றார். விடிந்தபோது பொள்ளிலூர். ஹைதரின் முழுப் படையும் சூழ்ந்துகொண்டது. வெடிமருந்து வண்டிகள் எதிரிப் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் நின்றபோது வெடித்தன, அதோடு முடிந்தது. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு வரையவைத்த ஓவியத்தில், பெய்லி நாலாபக்கமும் சூழப்பட்டுப் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் எது எதிர்பாராதது, சொல்? மழை எதிர்பாராததுதான். ஆனால் மழை எந்தப் பட்டியலிலிருந்தும் வந்து விழவில்லை. ஆறு அங்கே இருந்தது, ஆவணி பிறந்திருந்தது, மேற்கே மேகம் கட்டினால் கீழே வெள்ளம் வரும் என்பது கரையில் ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். பெய்லி எந்தக் கரையில் படுத்தார் என்பதுதான் விஷயம். உன் மேசையிலும் அப்படி இருக்கட்டும். ஆறு காய்ந்தே தொடங்கட்டும். கும்பினிக்காரன் அன்றே கடந்தால் களைத்த சிப்பாய்களோடு கடக்கட்டும். அதற்கு ஒரு விலை வை. வடகரையில் தங்கினால் மட்டும் பகடை. வண்டி வெடிப்பதும் அப்படித்தான்: எதிரிப் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் நின்றால் உருட்டு, மேட்டு மறைவில் நின்றால் உருட்டாதே. அந்தப் பையன் மறைவில் வைத்தானே, அந்தப் புத்திக்கு ஆட்டம் மரியாதை செய்ய வேண்டாமா? இருபது வரியில் பதினைந்தை அடித்துவிடு. மிச்சம் ஐந்தையும் மேசையில் ஏதாவது ஓர் இடத்தோடு சேர்த்துக் கட்டு.

காய்ந்த நிலத்தைப் பற்றிப் பேசினால் உன் அப்பா ஞாபகம் வராமல் இருக்காது. அவர் வாங்கிய வீட்டு மனையைச் சித்திரை வெயிலில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஏரி உள்வாயை ஒட்டிய இடம். தரை பாளம்பாளமாக வெடித்திருந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடு என்று பெரியப்பா கெஞ்சாத குறையாகச் சொன்னது உன் அம்மாவுக்குத் தெரியும். சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைவு என்று அன்றே கொடுத்துவிட்டு வந்தார். 2015-ல் முழங்கால் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு. பாட்டியின் பீரோ, உன் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் சேற்றில். விதி என்று அவர் இன்னும் சொல்கிறார். விதி என்ன செய்யும்? நிலம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருஷமாகியும் இதில் மனசு ஆறவில்லை, சின்னவனே.

சரி, படியில் நீ சொன்னது. வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, இந்த ஆட்டத்தைப் பெட்டிபோட்டு விற்கப் போவதாகச் சொன்னாய். அது முழுக்க உன் முடிவு. பெரியப்பா குறுக்கே நிற்க மாட்டேன். எட்டு வருஷம் முடித்திருக்கிறாய், பத்து முடிந்தால் ஓய்வூதியத் தகுதி வரும், அதை மட்டும் யோசித்துக்கொள். தங்கைக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. அச்சகத்துக்காரர் முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிறார் என்றாய், அதையும் யோசி. காய்ந்திருக்கும்போதே கடக்கச் சொன்னீர்களே என்று இதே கடிதத்தை என்னிடம் திருப்பிப் படிப்பாய். பெய்லிக்கு அக்கரையில் மன்றோ காத்திருந்தார். உனக்கு அக்கரையில் யார் இருக்கிறார்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை, அதுதான் ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஷிஃப்ட் வேலையை வைத்துக்கொண்டே முதலில் ஐம்பது பெட்டி செய்து பார். விற்றால் அடுத்த கார்த்திகையில் பேசுவோம்.

நிறையச் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. அந்த மீசைகளைப் பார்த்த அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெரியம்மாவிடம் அதையே பேசிக்கொண்டு வந்தேன். நம் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத கை உனக்கு. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். கதவுப் பலகையைப் போல இரண்டு மடங்கு மேசை அங்கே போடலாம். பெயின்டுக்கும் பிரஷ்ஷுக்கும் என்ன ஆகிறதோ பெரியப்பா கொடுக்கிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு பீரோ அடியில் சேற்றிலிருந்து எடுத்த பாட்டியின் தாயக்கட்டைகள். புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். ஒன்றில் ஒரு புள்ளி மங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக உருள்கிறது. உன்னிடம் இருப்பதுதான் சரி.

அடுத்த ஞாயிறு வீக்லி ஆஃப் என்றாயே. கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து வந்துவிடு, பையன்களையும் கூட்டி வா. பெரியம்மா மீன் குழம்பு வைக்கிறாளாம். கும்பினிப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒதுக்கி வை. ஆற்றை முதல் சுற்றிலேயே கடப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் பெரியப்பா
திருவள்ளூர்