சான்று வழி நின்ற பேராசிரியர்

முன்னோர் தந்த நூல்களைப் போற்றுதல் இருவகைப்படும். அவற்றை வாழ்த்தி வணங்குதல் ஒருவகை. ஒவ்வோர் எழுத்தையும் ஆராய்ந்து, பிழை நீக்கி, உண்மைப் பொருள் கண்டு உலகுக்கு அளித்தல் மற்றொரு வகை. முன்னது எளிது, பின்னது அரிது. சீன நாட்டில் கன்பூசியசின் நெறியைப் பயின்ற அறிஞர் சிலர், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இவ்வரிய வழியை மேற்கொண்டனர். அவர்களுள் யான் ரோசூ (1636-1704) என்பவர், தம் நாட்டார் பெரிதும் மதித்த பழைய வரலாற்று நூலொன்றின் பல பகுதிகள் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்தவை எனச் சான்று காட்டினார். அவர் பழநூல்களை இகழ்ந்தவரல்லர். வாழ்நாள் முழுவதும் அவற்றிலே தோய்ந்தவர். தமிழகத்தில் அத்தகைய ஆராய்ச்சி வழியில் நின்ற பல்கலைக்கழகப் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை ஆவார்.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலிச் சீமையில் 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வையாபுரிப் பிள்ளை பிறந்தார். திருநெல்வேலியில் கற்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, அந்நகரிலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். தொழில் சட்டமாயினும் உள்ளம் தமிழையே நாடியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலிய அறிஞர்களின் நட்பு அவ்வார்வத்தை வளர்த்தது. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீய நாடகத்தை 1922இல் பதிப்பித்தார். சான்றின்றி எதனையும் ஏற்றல் ஆகாது என்பது வழக்கு மன்றத்தின் விதி. அவ்விதியையே அவர் பின்னாளில் இலக்கிய ஆராய்ச்சியிலும் கடைப்பிடித்தார்.

அகராதிப் பணி

தமிழ்ச் சொற்களையெல்லாம் தொகுத்துப் பேரகராதி ஒன்று இயற்றும் பணி 1913இல் மதுரையில் தொடங்கப்பெற்றது. அமெரிக்கப் பாதிரியாராகிய சாண்ட்லர் என்பவர் அதன் முதற் பதிப்பாசிரியராய் இருந்து 1922 வரை உழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வளர்ந்த அப்பணிக்கு, 1926இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது பணியின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது.

அகராதி இயற்றுதல் சொற்களை வரிசைப்படுத்துவது மட்டுமன்று. ‘கால்’ என்னும் சிறு சொல்லை எண்ணிப் பாருங்கள். அஃது உடலுறுப்பைக் குறிக்கும், காற்றைக் குறிக்கும், நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும், வாய்க்காலையும் குறிக்கும். இன்ன பொருள் இன்ன நூலில் வந்துள்ளது என மேற்கோளுடன் காட்டுதல் வேண்டும். அச்சொல் எம்மொழியிலிருந்து வந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வாறு ஒரு சொல்லுக்கன்று, நூறாயிரத்திற்கும் மேற்பட்ட சொற்களுக்குச் செய்தல் வேண்டும். அறிஞர் பலரின் துணையோடு வையாபுரிப் பிள்ளை இப்பெரும்பணியை நடத்தி, 1936இல் ஆறு தொகுதிகளை நிறைவு செய்தார். 1939இல் துணைத் தொகுதியும் வெளிவந்தது. இவற்றில் அடங்கிய சொற்கள் 1,17,762 ஆகும். இன்று இவ்வகராதியைக் கணினித் திரையிலும் தேடிப் படிக்கலாம்.

பதிப்புப் பணி

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்கு அவர் தலைவராய் விளங்கினார். இக்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, நூல்கள் பலவற்றைப் பதிப்பித்தார்.

ஏடு படித்தல் எளிய செயலன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே, ஏட்டில் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளை ஒருவர் ‘வரன்’ என்று படிப்பார்; மற்றொருவர் ‘வான்’ என்று படிப்பார். வரனுக்கும் வானுக்கும் உள்ள தொலைவு எத்துணைப் பெரிது! பல சுவடிகளை ஒருங்கே வைத்து நோக்கி, யாப்பும் பொருளும் எதற்கு இசைகின்றன என்று கண்டபின்னரே பதிப்பாசிரியர் முடிவு செய்தல் வேண்டும்.

இம்முறையில் அவர் பதிப்பித்த ‘புறத்திரட்டு’, இன்று முழுமையாகக் கிடைக்காத தகடூர் யாத்திரை, முத்தொள்ளாயிரம் முதலிய நூல்களின் செய்யுட்களை நமக்குக் காத்தளித்தது. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தின் வாயிலாகச் சங்க இலக்கியம் முழுவதையும் வெளியிட்டார். அதில் ஒரு புலவர் பாடிய பாடல்கள் அனைத்தும் ஓரிடத்தே காணும்படி அமைத்தார்.

கருத்துரிமையும் கடமையும்

சொல், நடை, இலக்கண அமைதி ஆகியவற்றை ஆராய்ந்து பழந்தமிழ் நூல்களின் காலத்தையும் அவர் வரையறுக்க முயன்றார். தொல்காப்பியம், திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகியவை பலரும் கருதியதினும் பிற்பட்டவை என்பது அவர் துணிபு. இதனால் தமிழறிஞர் பலர் அவரைக் கடுமையாக மறுத்தனர். தமிழின் தொன்மையைக் குறைத்தார் என்ற பழியும் அவர்மேல் எழுந்தது. எனினும், தாம் கண்டதை மறைத்துப் பிறர் மகிழப் பேச அவர் உடன்படவில்லை.

அவர் கூறிய காலங்களை அறிஞர் பலர் இன்றும் ஏற்பதில்லை. அவர் காலத்திற்குப்பின் கண்டறியப்பெற்ற கல்வெட்டுகளும் அகழாய்வுப் பொருள்களும் புதிய சான்றுகளைத் தந்துள்ளன. அவற்றைக்கொண்டு அவர் முடிவுகளை மறுப்பதும் அவர் வகுத்த நெறிக்கு மாறானதன்று. அதுவே அந்நெறிக்கு ஏற்ற செயலாகும். சான்றைச் சான்றால் வெல்லலாம். பழிச்சொல்லால் வெல்லுதல் இயலாது.

முடிவு

1951 முதல் மூன்றாண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவர், 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மறைந்தார். அவர் தேடிச் சேர்த்த நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்தில் இடம்பெற்றுள்ளன.

மாணவர்களே! பொருள் விளங்காத சொல்லொன்று எதிர்ப்படும்போது, அதனைக் கடந்து செல்லாமல் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு செய்தியைக் கேட்கும்போது, அதற்குச் சான்று யாது என வினவுங்கள். அப்பேராசிரியர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.