வீட்டைப் பார்க்காதே, வாய்க்காலைப் பார்

திருகோணமலை

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் பைபரி என்ற ஊரில், ஆர்லிங்டன் ரோ கல்வீட்டு வரிசைக்கு முன்னால் நிற்கிறாய். கூரையில் பாசி, வாசலில் ஓடை. பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது. ஓகஸ்ட் லீவுக்கு வரும்போது எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு பழைய ஊரைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். காட்டலாம். ஆனால் அங்கே பார்த்த அதே கண்ணோடு இங்கே வந்து இறங்கினால், அரை மணித்தியாலத்தில் "இங்கே பழசு ஒன்றுமே இல்லையே மாமா" என்று சொல்லிவிடுவாய். அதனால் வருமுன் இதை ஒருமுறை வாசி.

முதலில் அந்தக் கல்வீடுகள் எப்படித் தப்பின என்று பார். 1380 அளவில் மடத்துக்காரர் கம்பளி சேர்த்து வைக்கக் கட்டிய களஞ்சியம் அது. 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருக்க வீடு வீடாகப் பிரித்தார்கள். நெய்த துணியை ராக் ஐல் என்ற முன்புறத்து ஈரத் திடலில் காயவிட்டார்கள். பிறகு நீராவி எந்திரம் வந்தது. கம்பளித் தொழில் வடக்கே யோர்க்ஷயரின் பெரிய ஆலைகளுக்குப் போய்விட்டது. கையில் காசு புழங்கியிருந்தால் அந்தச் சனம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கும். காசு இல்லை, வீடு நின்றது. பின்னர் பேணுவதற்கும் ஆள் வந்தது. அதேபோல் தப்பிய லேகொக் என்ற இன்னொரு ஊரின் பெரும்பகுதியை 1944இல் மட்டில்டா டால்போட் என்ற அம்மையார், பழமையைப் பேணும் நாஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். கல், வறுமை, காப்பாளர் மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் வந்த அழகு அது.

எங்கள் பக்கத்தில் கல் என்பது கோயிலுக்கும் குளத்துக்கும்தான். குடியிருக்கும் வீடு கம்பு நட்டு, களிமண் அப்பி, கிடுகோ வைக்கோலோ வேய்ந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார்: குடிகள் மாடி கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் கூடாது. அப்படியான வீட்டை நூறு வருடம் கழித்து எங்கே தேடுவது? கல்லால் கட்டியதற்கும் நிலை இல்லை. திருகோணமலைச் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு எங்கள் காலத்து யுத்தம். 1990இல் எத்தனையோ ஊர்ச் சனம் உடுத்த உடுப்போடு ஓடியது. 2006இல் வெளியேறிய சம்பூர்ச் சனம் பத்து வருடமளவில் அகதி முகாமில் கிடந்துதான் மண்ணுக்குத் திரும்பியது. இன்று அங்கெல்லாம் நீ காணப்போவது திட்டத்தில் கட்டிய சீமெந்து வீடுகள். அதைப் பார்த்து முகம் சுளிக்காதே. வீடு புதிது, ஊர் பழையது.

அந்தப் பழமை எங்கே இருக்கிறது? குளத்தில், வாய்க்காலில், கோயில் முறையில். யாருக்கு எப்போது தண்ணீர், யார் எந்த வேலையைச் செய்வது என்ற ஏற்பாட்டில். வீடு எத்தனை தரம் எரிந்தாலும் திரும்பி வந்த சனம் முதலில் தேடியது அதைத்தான்.

தம்பலகாமத்தில் தொடங்கு. கண்டி வீதி பஸ்ஸில் ஏறினால் 24 கிலோமீற்றர் அளவில் வரும். நீ வரும் ஆடி, ஆவணியில் எங்களுக்கு மழை கிடையாது. வீதியோரப் பற்றைக்காடு காய்ந்து கருகிப்போய் இருக்கும். தம்பலகாமத்துக்குள் இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சிறுபோக நெல் கதிர் முற்றி நிற்கும். மழையில்லாத மாதத்தில் இந்த விளைச்சல் எப்படி என்று கேள். விடை கந்தளாய்க் குளத்தில் இருக்கிறது. அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வருகிற தண்ணீர் இது.

வயல் வரம்பில் குந்தி ஒரு வக்கடையைக் கிட்ட நின்று பார். வரம்பில் மண்வெட்டியால் வெட்டிய ஒரு வாய், ஒரு சாண் அகலம்கூட இராது. மேல் வயலில் தண்ணீர் அளவுக்கு நின்றதும் மிச்சம் அதன் வழியே கீழ் வயலுக்கு இறங்கும். அந்த வாயில் எத்தனை கை சேறு வைப்பது என்பதில்தான் அயலவர் இருவரின் உறவு நிற்கிறது. இராத்திரியோடு இராத்திரியாக ஒருவர் அதை உயர்த்திக் கட்டிவிட்டால், விடியக் கீழ் வயல்காரர், தண்ணீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையின் படலையில் நிற்பார். எந்த நாளில் குளத்துத் துருசு திறப்பது, எப்போது விதைப்பது, மாட்டை எப்போது வெளியேற்றுவது எல்லாம் போகத் தொடக்கத்துக் கூட்டத்தில் முடிவாகும். சட்டமும் அதிகாரிகளும் மாறினாலும், ஊர் கூடி முடிவெடுக்கும் வழக்கம் மிகப் பழையது.

அங்கே இருக்கும் ஆதி கோணநாயகர் கோயிலுக்கும் போ. கோணேசர் கோயில் இடிபட்ட பிறகு ஒளித்து வைத்துக் காத்த மூர்த்திகளுக்காகக் கண்டி அரசன் இராசசிங்கன் காலத்தில் எழுந்தது என்பது ஊர் வழக்கு. கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. விளக்குக்கு எண்ணெய் யார், பூவுக்கு யார், கணக்கு யார், காவல் யார் என்று கோணேசர் கோயில் தொழும்புகளை வகுத்துச் சொல்லும் நூல் ஒன்று உண்டு. கவிராஜவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டு, அது ஏட்டில் எழுதிய நூல். வெளி மண்டபத்தில் வயதானவர்கள் இருப்பார்கள். "இந்தத் திருவிழா ஆருடைய முறை, ஐயா?" என்று கேட்டுப் பார். ஒரு கேள்விக்கு ஒரு மணித்தியாலம் கதை வரும்.

கேட்கிற கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் சொல்கிறேன். கந்தளாய்க் குளத்தைக் கட்டியது ஆர்? குளக்கோட்டன் என்ற மன்னன் என்பர் தமிழர். கோணேசர் கல்வெட்டும் அதையே சொல்லும். சூளவம்சம் என்ற வரலாற்று நூலை வைத்து 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி என்பர் சிங்களவர். ஆங்கிலேயர் காலத்தில் குளம் திருத்தப்பட்டது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே குளத்துக்கு ஏடு, வரலாற்று நூல், வாய்ச்சொல் என்று இத்தனை சாட்சி. ஒவ்வொன்றையும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பக்கத்தில் குறித்து வை. யார் வென்றார் என்று நீ தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

கல் பேசும் இடம் வேண்டுமென்றால் பெரியகுளத்துக்குப் போ. அங்குள்ள வெல்கம் விகாரையைத் தமிழர் நாதனார் கோயில் என்றார்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் சொல்கின்றன. விளக்கெரிக்கப் பசுவும் பொருளும் தமிழர் கொடுத்த பௌத்தப் பள்ளி அது. சிங்களவர், தமிழர், சைவம், பௌத்தம் என்று இன்று நாங்கள் கீறி வைத்திருக்கும் கோடுகள் அந்தக் கல்லில் வேறு மாதிரி ஓடும். எந்தப் பக்கத்து ஆட்களுக்கும் கொஞ்சம் அசௌகரியம் தருகிற இடம். அதனாலேயே நீ பார்க்க வேண்டும்.

தெற்கே கொட்டியாரப்பற்று. முன்பு கிண்ணியாவில் மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடந்துதான் மறுகரை போக வேண்டியிருந்தது; 2009இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. மூதூரில் நொக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லும் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கங்குவேலிக் கல்வெட்டு. குளத்தையும் வயலையும் சேர்த்துக் கோணேசராகிய கோணநாதருக்குக் கொடுத்த செய்தி அது. குளம், வயல், கோயில் என்று நான் மேலே எழுதிய மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இந்த ஊர்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதியவர்களில் ஒருவர், திருகோணமலையிலிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன். 1786இல் கொட்டியாரம், தம்பலகாமம் என்று ஊர் ஊராகப் போய், பாழடைந்த குளங்களையும் சனத்தின் பாட்டையும் நாட்குறிப்பில் எழுதினார். அவருக்கு வரியும் விளைச்சலும் வேண்டியிருந்தது. அது வேறு விஷயம். ஆனால் இன்றைக்கு அந்த ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் குறிப்பைத் தேடிப் போகிறார்கள். படம் எடுத்ததோடு நிற்காமல், கேட்டதை அன்றிரவே எழுதி வைப்பதன் பலன் அதுதான்.

இனிச் சில கண்டிப்பான சொற்கள். விடிய ஆறு மணிக்கே புறப்படு. பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்கமாட்டாய். கோயிலுக்கும் விகாரைக்கும் முழங்கால் மறைத்து உடுத்து. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஊர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் போய்க் கடைக்காரரைக் கதைக்குப் பிடிக்காதே. வாடியில் இருப்பவரையும் வயலில் நிற்கும் பெண்களையும் கேட்காமல் படம் பிடிக்காதே. "யுத்தத்தில் என்ன நடந்தது?" என்று நீயாகத் தொடங்காதே. அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேள். தேத்தண்ணி தந்தால் குடி. எருமைத் தயிர் தந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, ஒரே நாளில் இவ்வளவு இடத்தையும் ஓடி முடிக்க நினைக்காதே. ஒரு ஊரை எடு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறக்கிறார், யார் முறையில் கோயில் நடக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரியும்வரை அங்கேயே நில். உனக்கு நான் சொல்லும் ஊர் தம்பலகாமம். அறுவடை தொடங்குமுன் கூட்டிப்போக வேண்டும். டிக்கெட் எடுத்ததும் திகதியை அறிவி. தங்குவதற்கு அங்கே ஒரு வீட்டில் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா