அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்கள்

கேள்வி: நாங்கள் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் போர்ட்டிக்சனில் டிப்ளோமா படிக்கிறேன். அண்ணன் வாங்கித் தந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். அதே வட்டில் இன்னொரு பகுதியைப் பிரித்து, ‘லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்’ (எல்எஃப்எஸ்) புத்தகத்தைப் பார்த்து மூலநிரலிலிருந்தே ஒரு லினக்ஸ் கட்டினேன். பத்தாம் அதிகாரம் வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. ரீபூட் செய்தால் மட்டும் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றுவிடுகிறது. ‘அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக் (0,0)’ என்பது கடைசி வரி. கெர்னல் சின்னதாக இருக்கட்டும் என்று மெனுகான்ஃபிக்கில் தேவையில்லாதவற்றை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் உள்ளபடி முதல் கட்டளையிலிருந்து தொடங்கி மறுபடி கட்டிப் பார்க்கிறேன். பாதியில் கரண்ட் போய்விடுகிறது. மின்ட் அதே கணினியில் நன்றாக ஓடுகிறது. முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா? வைஃபையும் வேண்டும், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, எதையும் அழிக்காதே. பத்தாம் அதிகாரம் வரை வந்தவன் ஜிசிசி, ஜிலிப்சி எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டான் என்று பொருள். நீ பார்க்கும் பேனிக் அவற்றைத் தொடுவதற்கு முன்பே வருகிறது. கெர்னல் எழுந்துவிட்டது, நினைவகத்தையும் செயலியையும் கண்டுகொண்டது, நீ கட்டிய அமைப்பு இருக்கும் வட்டுப் பகுதியைத் திறக்கப் போன இடத்தில்தான் நின்றது. சரிசெய்ய வேண்டியது கெர்னலின் அமைவுக் கோப்பு, அல்லது பூட் லோடரான கிரப்பில் எழுதிய ஒரு வரி. அவ்வளவுதான்.

மின்ட் ஓடுகிறதே, இது ஏன் ஓடவில்லை என்ற உன் சந்தேகம் நியாயமானது. மின்ட், உபுண்டு போன்றவை கெர்னலோடு சேர்த்து ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகின்றன. வட்டைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் மாட்யூல்களாக அதற்குள் இருக்கும். புத்தகத்தின் அடிப்படை வழியில் அது கிடையாது. உன் மாட்யூல்கள் எல்லாம் வட்டில் /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் இருக்கின்றன. வட்டைத் திறக்கும் டிரைவரையும் அங்கேயே வைத்தால், பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதைதான். வட்டின் கட்டுப்படுத்திக்கான டிரைவரும், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் மெனுகான்ஃபிக்கில் நட்சத்திரக் குறியோடு இருக்க வேண்டும். ‘எம்’ என்று இருந்தால் இந்தக் கட்டத்தில் அவை இல்லாததற்குச் சமம்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் ‘பேனிக்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு அமைவில் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் உண்டு; குருட்டாம்போக்கில் தேடினால் கிடைக்காது. ஆனால் எங்கே நின்றேன் என்று கெர்னல் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுகிறது. (0,0) என்றால், ‘நீ சொன்ன பெயரில் எந்தச் சாதனமும் எனக்குத் தெரியவில்லை’ என்று பொருள். அங்கே (259,2) என்றோ (8,2) என்றோ வந்திருந்தால் கதை வேறு: வட்டுப் பகுதி கிடைத்துவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத்தான் தெரியவில்லை, போய் எக்ஸ்ட்4-ஐப் பார் என்று பொருள். 8 என்பது சாட்டா, யுஎஸ்பி வட்டுகளின் எண். என்விஎம்இ வட்டின் பகுதிகள் 259 என்ற எண்ணில் வரும்.

உனக்கு வந்தது (0,0). அதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. பேனிக் வரிக்குச் சற்று மேலே, ‘சரியான ரூட்= தெரிவைக் கொடு, இருக்கும் பகுதிகள் இவை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதன் கீழே கெர்னல் கண்ணுக்குப் பட்ட வட்டுப் பகுதிகளின் பட்டியல் இருக்கும். எழுத்துகள் வேகமாக ஓடினால் கைப்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார். பட்டியல் காலியாக இருந்தால், அல்லது உன் வட்டு அதில் இல்லாவிட்டால், கட்டுப்படுத்தியின் டிரைவர் இல்லை. உன் வட்டுப் பகுதி பட்டியலில் இருந்தும் (0,0) வந்தால் டிரைவரில் குறையில்லை; கிரப்பில் ‘ரூட்=’ என்று நீ எழுதிய பெயர்தான் தவறு.

முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். மின்ட்டில் நுழைந்து ‘எல்எஸ்பிசிஐ -கே’ என்ற கட்டளையைக் கொடு. ஒவ்வொரு சாதனத்தின் கீழும் இப்போது எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று காட்டும். சேமிப்பகக் கட்டுப்படுத்திக்கு நேரே ‘என்விஎம்இ’ என்று இருந்தால், நீ நட்சத்திரம் போட வேண்டியது அதற்குத்தான். ‘ஏஹெச்சிஐ’ என்றால் சாட்டா. எல்எஃப்எஸ் புத்தகம் என்விஎம்இ வட்டுக்காரர்களுக்கென்றே இதைத் தனிக் குறிப்பாகச் சொல்கிறது. அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். இன்டெலின் அண்மைக்காலத் தலைமுறை மடிக்கணினியாக இருந்தால் இன்னொன்றையும் கவனி. எல்எஸ்பிசிஐ காட்டும் பட்டியலில் ‘வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்’ என்று ஒரு வரி இருந்தால், வட்டு அந்த விஎம்டி-க்குப் பின்னால் மறைந்திருக்கிறது. என்விஎம்இ டிரைவர் மட்டும் போதாது. விஎம்டி டிரைவருக்கும் நட்சத்திரம் வேண்டும். பயாஸில் விஎம்டி-யை அணைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அது எழும்பாமல் போகலாம். அதனால் டிரைவரைச் சேர்ப்பதையே நான் சொல்வேன்.

மெனுகான்ஃபிக்கில் எது எங்கே இருக்கிறது என்று படிப்படியாக இறங்கித் தேட வேண்டாம். சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தட்டினால் இருக்கும் இடத்தையும், அது எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்பதையும் காட்டும். அந்தச் சார்புப் பட்டியலை அவசியம் படி. ‘.கான்ஃபிக்’ கோப்பைக் கையால் திருத்தி ஒரு தெரிவைச் சேர்த்திருப்பாய். அது சார்ந்திருக்கும் மேல் தெரிவு அணைந்திருந்தால், அடுத்த ‘மேக்’ அதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். சேமித்த பிறகு ‘கிரெப்’ போட்டு அந்த வரி உண்மையிலேயே கோப்பில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டு.

இரண்டாம் வகையாக இருந்தால், ‘ரூட்=’ என்பதற்குப் பிறகு யுயுஐடி எழுதியிருக்கிறாயா பார். மின்ட்டில் அது வேலை செய்வது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் தயவால். கோப்பு முறைமையின் யுயுஐடியைத் தனியாகக் கண்டுபிடிக்கக் கெர்னலுக்குத் தெரியாது. பார்ட்யுயுஐடி என்றால் தெரியும். மின்ட்டில் ‘பிஎல்கேஐடி’ கட்டளை இரண்டையுமே காட்டும், பார்ட்யுயுஐடியை எழுது. யுஎஸ்பி வட்டு செருகியிருந்தால் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதாலும் இதுவே பாதுகாப்பு.

உன் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, ஒவ்வொரு முறையும் முதல் கட்டளையிலிருந்து தொடங்குகிறாய் என்பது. அந்த முதல் கட்டளை ‘மேக் எம்ஆர்புராப்பர்’. அது கட்டி வைத்த அனைத்தையும் துடைப்பதோடு, நீ பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ‘.கான்ஃபிக்’ கோப்பையும் அழித்துவிடும். மூலநிரலை முதன்முதலாகப் பிரித்தபோது ஒருமுறை செய்தாயிற்று, போதும். இனி மெனுகான்ஃபிக்கில் மாற்று, ‘மேக்’ மட்டும் கொடு. மாறிய பகுதிகளை மட்டுமே அது கட்டும். இடையில் கரண்ட் போனாலும் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். தோட்டத்தில் இருந்துகொண்டு கைப்பேசி டேட்டாவில் இறக்கிய மூலநிரல் அது. அந்தச் சுருக்கக் கோப்பைப் பத்திரமாக வை. எதற்காகவும் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

மறுபடி கட்டுவதற்கு மின்ட்டிலிருந்து எல்எஃப்எஸ் பகுதியை மவுன்ட் செய்து, புத்தகத்தில் உள்ளபடி டெவ், புராக், சிஸ், ரன் ஆகியவற்றையும் இணைத்துவிட்டுச் சிஹெச்ரூட் செய். உனக்கு /பூட் தனிப் பகுதியாக இருந்தால் அதையும் இணைக்க மறக்காதே. இதை மறப்பதால் வீணாகும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல: புதிய கெர்னல் எங்கோ ஒரு வெற்று அடைவில் போய் உட்கார்ந்திருக்கும், கிரப் பழையதையே எழுப்பும், நீயோ அமைவில் இன்னும் குறை இருக்கிறதென்று மாற்றிக்கொண்டே இருப்பாய். கெர்னல் எழும்போது முதலில் வரும் ‘லினக்ஸ் வெர்ஷன்’ வரியில் அது கட்டப்பட்ட நாளும் நேரமும் இருக்கும். இப்போது கட்டியதுதானா என்று அதை வைத்து உறுதிசெய். ‘லோக்கல்வெர்ஷன்’ தெரிவில் உன் முதலெழுத்தையும் ஒரு எண்ணையும் சேர்த்தால் இன்னும் தெளிவு. பெயர் மாறியதும் ‘மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்’ மறுபடி கொடுக்க வேண்டும்.

சின்னக் கெர்னல் வேண்டும் என்ற ஆசையை இப்போதைக்குத் தள்ளி வை. முதல் கெர்னல் எழுந்து நிற்க வேண்டும், மெலிவது பிறகு. ‘மேக் டெஃப்கான்ஃபிக்’கில் தொடங்கு, புத்தகம் கட்டாயம் என்று சொல்பவற்றைச் சேர், உன் வட்டின் டிரைவரைச் சேர். ‘டெவ்டிஎம்பிஎஃப்எஸ்’ஸும் அது தானாக மவுன்ட் ஆகும் தெரிவும் அணைந்திருந்தால் வட்டு திறந்த பிறகு இன்னொரு இடத்தில் நிற்பாய். திரை கறுப்பாகவே இருந்தால் ‘சிம்பிள்டிஆர்எம்’, ‘ஃபிரேம்பஃபர் கன்சோல்’ இரண்டையும் பார். எழுந்த பிறகு அந்த ‘.கான்ஃபிக்’கை /பூட்டில் பெயரிட்டுச் சேமி, அந்தக் கெர்னலைக் கிரப்பில் அப்படியே விட்டுவை. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடு.

மின்ட்டின் அமைவையே நகலெடுத்து ‘மேக் லோக்கல்யெஸ்கான்ஃபிக்’ கொடுப்பது இன்னொரு வழி. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடும். அந்நேரம் செருகாத சாதனம் விடுபட்டுப் போகும். உபுண்டு வழி வந்த அமைவில் ‘சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்’ தெரிவு அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பைச் சுட்டும்; உன்னிடம் அது இல்லாததால் கட்டுவது பாதியில் நிற்கும். அந்த மதிப்பைக் காலியாக்கிவிட வேண்டும். வைஃபையை நினைத்தால் இந்த வழியை உனக்கு நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏனென்றால் வைஃபைக்கு விதி நேர்மாறு. ஐடபிள்யூஎல்வைஃபை போன்ற டிரைவர்களுக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், அது வட்டில் /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இருக்கிறது. டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்தால், வட்டு திறப்பதற்கு முன்பே அது ஃபர்ம்வேரைக் கேட்டுத் தோற்றுப்போகும். ஆகவே அதற்கு ‘எம்’ போடு, லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பிலிருந்து உரிய கோப்பை எடுத்து வை. மின்ட்டில் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையின் வெளியீட்டில் எந்தக் கோப்பை ஏற்றியது என்று பெயரோடு இருக்கும்.

இவ்வளவும் செய்தும் நின்றால் எனக்கு மறுபடி எழுது. அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள், அதற்கு மேலே உள்ள பகுதிப் பட்டியல், கிரப்பின் ‘லினக்ஸ்’ வரி, ‘எல்எஸ்பிசிஐ -கே’ காட்டும் சேமிப்பக வரிகள், இவற்றை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே அனுப்பு.