விரலால் வாசிப்போருக்கு மென்பொருள் தெரிவு செய்தல்



மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அரிசியைக் கையில் ஏந்திப் பாராமல் நாம் கொள்முதல் செய்வதுண்டா? ஆயினும் கணினிச் சரக்கு என்றதும் விலைப்பட்டியலைக் கண்டே மயங்கிவிடுகிறோம். ஈப்போவிலும் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலும் கண்பார்வையற்ற ஒருவர், நமது உதவிநிதி விண்ணப்பத்தைப் பிறர் வாயால் கேளாமல் தாமே வாசிப்பாரானால் அது சிறு காரியமன்று. அவ்வாறு அறிக்கைகளைப் பிரெயிலில் தர விரும்பும் சங்கத்தாருக்கே இப்பாடம்.

முதலில் எழுத்தின் இயல்பை அறிவோம். லூயி பிரெயில் 1829-ல் வெளியிட்ட முறை ஆறு புள்ளிகளால் ஆனது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் உருவாயிற்று. அதில் தமிழ் 'அ' என்பது முதற்புள்ளி ஒன்றே. ஆங்கில 'ஏ'யும் அதுவே. எண்குறி முன்னே நின்றால் அதுவே 1. 'கை' என்று அச்சிடும்போது ஐகாரக் குறி முன்னே நிற்கும். விரலுக்கோ 'க' முந்தும், 'ஐ' பிந்தும். இவ்வாறு எழுத்தை மாற்றி அடுக்குவதே மென்பொருளின் வேலை.

சந்தையில் விலைக்குக் கிடைப்பது அமெரிக்காவின் டக்ஸ்பரி. இலவசமாகக் கிடைப்பது 2002-ல் தொடங்கிய லிப்லூயி. வியட்நாமின் சாவ் மாய் பிரெயில் போன்றவை அதைக்கொண்டே இயங்குகின்றன. டக்ஸ்பரியும் லிப்லூயியும் தமிழ் அறிந்தவையே. விலை கொடுத்தால் பிழை வராது என்பதும், இலவசமென்றால் தரமிராது என்பதும் தவறான எண்ணங்கள். நமது தாளைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

ஒன்று: அறிக்கை யூனிகோடு எழுத்தில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் நாம் 'அம்மா' என்று காண்பதைக் கணினி 'எம், கே' என்ற ஆங்கில எழுத்துகளாகவே அறியும். பிரெயிலும் அவ்வாறே வரும்.

இரண்டு: தமிழ், மலாய்ப் பெயர், ஆங்கில முகவரி, தொலைபேசி எண், வெள்ளிக் கணக்கு ஆகிய யாவும் கலந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். எண்குறி விடுபட்டால் தொகை எழுத்தாகிவிடும்.

மூன்று: அரபு வாசகம் இருந்தால் தனியே கவனியுங்கள். அச்சில் வலமிருந்து செல்லும் அரபு, பிரெயிலில் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படும்.

நான்கு: பிரெயில் அறிந்த ஒருவரிடம் அப்பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். 1951-ல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை அணுகி யோசனை கேட்கலாம். அவர் உழைப்புக்குரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

நான்காவதே தலையாயது. கண்ணுள்ள நமக்கு அத்தாளில் தெரிவது மேடுகள் மட்டுமே; பிழை தெரியாது. வாங்கியபின் வருந்துவதினும் வாங்குமுன் ஒரு விரலிடம் கேட்பது மேல்.