ஆதிகங்கையில் புளூட்டோனியமா?

கொல்கத்தாவில் அலிப்பூரை ஒட்டி ஓடும் டாலி நாலாவுக்கு ஆதிகங்கை என்று பழம்பெயர். கங்கை என்றால், அதற்குப் பனிநீர் தரும் இமயத்து நந்தாதேவி மலையின் கதையும் கூடவே வரும். சீனாவின் அணுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க இந்திய, அமெரிக்க உளவுத்துறைகள் 1965இல் அந்த மலைக்குக் கருவி ஒன்றைக் கொண்டுபோயின. பனிப்புயலில் பாதியில் விட்டு இறங்கினார்கள். மறு வருடம் போனால், மின்சாரம் தரும் புளூட்டோனியப் பெட்டியைக் காணோம். இன்றுவரை கிடைக்கவில்லை.

நம்பிக்கை: தொலைந்தது அணுகுண்டு.

உண்மை: இல்லை. புளூட்டோனியம்-238 வெப்பம் தரும், வெடிக்காது.

நம்பிக்கை: 2021 பிப்ரவரியில் சமோலியில் வந்த வெள்ளம் அதன் சூட்டால்தான்.

உண்மை: ரோந்தி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் சரிந்ததால் வந்தது. புளூட்டோனியம்-238 கிராமுக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். ஒரு கிலோ இருந்தாலும் இஸ்திரிப் பெட்டியின் சூடுகூட வராது.

நம்பிக்கை: கெய்கர் கருவியை ஆற்றுக்கு மேல் நீட்டினால் தெரிந்துவிடும்.

உண்மை: புளூட்டோனியம்-238 விடுவது பெரும்பாலும் ஆல்ஃபா கதிர். ஒரு தாள் போதும் தடுக்க; தண்ணீரில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. ஆற்றுநீரில் தேட ரசாயன முறையில் பிரித்து ஆல்ஃபாவையே எண்ண வேண்டும். இதன் சொந்தக் காமா கதிரோ சொற்பம், பெரும்பகுதி வலுவற்றது. பெட்டி கையில் இருந்தால் கதை வேறு. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஜெர்மானியம் உணரியின் முன் வைத்தால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைக் காமாவே சொல்லிவிடும். ஆக்சிஜன்-18 மிச்சமிருந்தால் 350 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கோடு, ஃபுளோரின் இருந்தால் 1275இல். இரண்டுமே ஆல்ஃபா பட்டால் நியூட்ரானைக் கக்குபவை. அதனால்தான் அவை மிஞ்சக் கூடாது என்று இவ்வளவு கெடுபிடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு புளூட்டோனியம்-236 ஒட்டியிருந்தாலும் அதன் வாரிசான தாலியம்-208 மூலம் 2614இல் தலைகாட்டும். ஆனால் அதே 2614 நம் மணவாளக்குறிச்சி மணலிலும் உண்டு, தோரியத்தின் உபயம். ஈயக் கவசம் இல்லாமல் வெளியில் அளந்துவிட்டுக் கூச்சல் போடக் கூடாது.

நம்பிக்கை: பழையதாக ஆக ஆகக் கதிர் குறைந்துகொண்டே போகும்.

உண்மை: வெப்பம் குறையும், 87.7 ஆண்டுக்குப் பாதி. அந்த 2614 மட்டும், பிரித்தெடுத்த நாளிலிருந்து ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். புளூட்டோனியம்-236 சிதைந்து யுரேனியம்-232உம் அதன் வாரிசுகளும் சேர அவ்வளவு காலம் ஆகிறது.

1978 ஏப்ரலில் நந்தாதேவி விவகாரத்தை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய், ஆத்மாராம் தலைமையில் விஞ்ஞானிகள் குழுவை அமைத்தார். ஆற்றுநீரில் கதிரியக்கக் கலப்பு எதுவும் தென்படவில்லை என்றது குழு. ஆதிகங்கையை இன்று நாறடிப்பது நகரத்துச் சாக்கடைதான்; அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.