பார்த்ததற்கு மட்டும் மதிப்பெண்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி மறுபடியும் நீண்ட நாள் மூட நேர்ந்து, பாடம் செல்பேசி வழியாகப் போக வேண்டி வந்தால், ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியர் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பணிக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பொறுப்பு வருவது நல்லது. கொரோனா காலத்தில் நீ மாணவன். செல்பேசியின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எங்களைப் போன்றவர்களுக்கு இல்லாத அனுபவம் அது, அதை மறந்துவிடாமல் எழுது.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் என்பது ஆசிரியர் கொடுக்கும் சாட்சியம். கண்டதைச் சொல்ல வேண்டும். காணாததைக் காணவில்லை என்று எழுத ஏட்டில் ஓர் இடம் வேண்டும். பள்ளி மூடிய நாளில் பிள்ளை எங்கே நின்றானோ, அதற்குக் கீழே அவனை இறக்கும் உரிமை நமக்குக் கிடையாது. நீ எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த மூன்றும் அதில் இருக்கட்டும்.

2020இல் நடந்ததை நினைத்துப் பார். மார்ச் 27இல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள். கடைசியில் ஜூன் 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதம் என்பது கணக்கு. ரத்து செய்தது சரிதான். தொற்று ஏறிக்கொண்டிருந்தபோது ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்வறைக்கு வரவழைத்திருக்க முடியாது. கணக்கு போட்ட விதத்தில்தான் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

அரையாண்டுத் தேர்வை நாம் எதற்காக நடத்துகிறோம்? டிசம்பரில் பிள்ளையை உலுக்கி எழுப்பத்தான். வேண்டுமென்றே இறுக்கித் திருத்தும் பள்ளிகள் உண்டு. ‘இப்படியே போனால் பொதுத்தேர்வில் ஃபெயில்தான்’ என்று அந்தத் தாளைக் காட்டிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவோம். ஜனவரி பிறந்ததும் காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒரு சிறப்பு வகுப்பு, அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள். அரையாண்டில் கணக்கில் 28 வாங்கியவன் பொதுத்தேர்வில் 60 எடுப்பது அரசுப் பள்ளியில் அதிசயமே இல்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளில் பலர் மேலே ஏறுவது அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான். 2020இல் அந்த உழைப்பு ஏட்டில் ஏறவே இல்லை. பயமுறுத்துவதற்காகப் போட்ட எண் நிரந்தரச் சான்றிதழில் போய் உட்கார்ந்துகொண்டது. தாராளமாகத் திருத்திய பள்ளியில் படித்தவனுக்குச் சேதமில்லை. ஆகவே, மிரட்டவும் வேண்டாம், தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். சின்ன அலகுத்தேர்வு என்றாலும் உள்ளதை உள்ளபடி போடு. நீ போடும் எண் நாளை எந்தக் காரியத்துக்குப் பயன்படும் என்று உனக்குத் தெரியாது.

வருகைக்கு 20 சதவீதம் என்பது இன்னும் வருத்தமான விஷயம். தீப்பெட்டி வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ அம்மாவோடு போன பிள்ளை வகுப்புக்கு வராதது அவள் படிப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை, வீட்டைப் பற்றித்தான் சொல்கிறது. இணைய வகுப்பில் இது பல மடங்காகிவிடும். கேமராவைத் திறந்தாளா, நேரத்துக்குள் நுழைந்தாளா, குழுவில் பதில் போட்டாளா என்பதற்கெல்லாம் மதிப்பெண் கொடுத்தால், செல்பேசிக்கும் டேட்டாவுக்கும் மதிப்பெண் கொடுக்கிறோம் என்று பொருள். உன் திட்டத்தில் இவை எதற்கும் ஒரு மதிப்பெண்கூட வைக்காதே. யார் வரவில்லை என்பதைக் குறித்துவை. அவர்கள் வீட்டைத் தேடிப் போவதற்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

அடுத்த ஆண்டு வேறு வழி. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, ‘தேர்ச்சி’ என்பது மட்டும்தான். பார்த்தால் மிகவும் பரிவான முறை. யாருக்கும் காயமில்லை, யாரோடும் ஒப்பீடில்லை. நீயும் உன் கடிதத்தில் இதன் பக்கம்தான் சாய்ந்திருக்கிறாய்.

ஆனால் பிளஸ் ஒன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய உட்கார்ந்தபோது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தேடிப் போக வேண்டி வந்தது. எண்ணை எடுத்துவிட்டால் ஒப்பீடு போய்விடாது. பழைய எண்ணைத் தேடிப் போகும். அஞ்சல் துறையின் கிராமின் டாக் சேவக் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். அங்கே மதிப்பெண் இல்லாத சான்றிதழை நீட்டும் பிள்ளை எதைச் சொல்லிக் கேட்பான்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு உண்டு, பயிற்சி மையம் உண்டு, இரண்டாவது வாய்ப்பு உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் கையில் இருப்பது அந்த மதிப்பெண் ஒன்றுதான். அதை அவன் நன்மைக்காக என்று சொல்லி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு வெறும் ‘தேர்ச்சி’ போதும் என்றால் ஒத்துக்கொள்வேன். பத்தாம் வகுப்புக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 2021இல் வந்த சூத்திரம் உனக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30. ஜூலை 19 அன்று எட்டு லட்சம் பேருக்கு மேல் முடிவு வந்தது. இதில் எனக்குப் பிடித்தவை இரண்டு: சூத்திரத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள், மனநிறைவு இல்லாதவர்கள் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். பிடிக்காதது, பதினைந்து வயதில் எழுதிய தேர்வு பதினேழு வயதுப் பிள்ளையின் பாதி மதிப்பெண்ணைத் தீர்மானித்தது. அகமதிப்பீட்டையோ நாம் காலங்காலமாக எல்லோருக்கும் முழுசாக அள்ளிப் போட்டுப் பழகியிருக்கிறோம். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று போட்ட அந்த எண்தான் கடைசியில் சுமை தாங்க வேண்டி வந்தது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்றும் கேட்டிருந்தாய். இங்கிலாந்தை அவசியம் படி. 2020இல் ஏ லெவல் தேர்வுகள் நடக்கவில்லை. ஆசிரியர்கள் தங்கள் மாணவருக்கு ஒரு தரத்தை மதிப்பிட்டு அனுப்பினார்கள், வகுப்பில் யார் முதல், யார் அடுத்து என்ற வரிசையையும் அனுப்பினார்கள். தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவல், அந்த வரிசையையும் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளையும் கணினிக் கணக்கில் போட்டுத் தரம் வழங்கியது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கியிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியரின் மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சிறிய வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில். பெரிய வகுப்பில், இதுவரை பெரிதாக யாரும் தேறாத பள்ளியில், முதன்முதலாக நன்றாகப் படித்த பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. ஆசிரியர் தரம், கணினித் தரம் இரண்டில் எது அதிகமோ அது என்றானது.

பள்ளியின் பழைய பெயரை வைத்து இன்றைய பிள்ளையை அளப்பது நம்மிடமும் இல்லாமல் போகவில்லை. 2021இல் சிபிஎஸ்இ கொண்டுவந்த முறையிலும், பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவை அளவாக வைத்து மதிப்பெண்ணைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஆசிரியர்கள் அள்ளிப் போடுவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தீர்க்க வேண்டியது நம் கையில் இருக்கும் ஆதாரத்தால். அக்காள் படித்த காலத்தில் பள்ளி எப்படி இருந்தது என்பதற்காகத் தங்கையின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. இங்கிலாந்து மறு ஆண்டே ஒரு நல்ல விதியை வகுத்தது: ஆசிரியர் தரம் கொடுக்கட்டும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு நடத்திய பாடத்தை வைத்து மட்டும் கொடுக்கட்டும். நடத்தாததற்கு மதிப்பெண் குறையக் கூடாது. உன் திட்டத்தில் இந்த விதியை முதல் வரியாகவே வைக்கலாம்.

அமெரிக்காவில் ஊருக்கு ஒரு வழி. சியாட்டில் நகரப் பள்ளிகள் ‘ஏ’ அல்லது ‘நிறைவுறவில்லை’ என இரண்டே தரம் வைத்தன. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம், மார்ச் 13 அன்று இருந்த தரத்துக்குக் கீழே யாரும் போகக் கூடாது, யாரும் தோற்கவும் கூடாது என்றது. எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது வாஷிங்டன் மாநிலக் கல்வி அலுவலகம் 2020 ஏப்ரலில் சொன்னது: தரங்கள் இருக்கும், ஆனால் ‘எஃப்’ கிடையாது, பள்ளி மூடிய மார்ச் 17 அன்று இருந்த தரம் அடித்தளம், அதற்கு மேலே ஏற எல்லோருக்கும் வாய்ப்பு, எட்டவே முடியாமல் போனவர்களுக்கு ‘நிறைவுறவில்லை’. சியாட்டிலின் பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் ‘ஏ’ என்றால் அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாத சாட்சியம்.

பூஜ்யத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் 70, 72, 68 என்று மூன்று தேர்வில் வாங்குகிறாள். பள்ளி மூடுகிறது. செல்பேசி அப்பாவிடம், அவர் வேலைக்குப் போய்விடுகிறார். இரண்டு ஒப்படைப்பு வரவில்லை, இரண்டு பூஜ்யம். சராசரி 42. அந்த 42 யாருடைய மதிப்பெண்? அவள் எழுதிய எந்தத் தாளிலும் அது இல்லை. வராத தாளுக்குக் கட்டத்தை வெறுமையாக விடு, சராசரியில் சேர்க்காதே. அதேபோல், 35, 48, 66 என்று ஏறி வருபவனுக்குச் சராசரி பார்க்காதே. இப்போது அவனுக்கு என்ன தெரியும் என்பதற்குக் கடைசித் தாளே சாட்சி.

‘நிறைவுறவில்லை’ என்று எழுதுவது சுலபம். அதை நிறைவு செய்ய ஓர் ஆசிரியர் பெயரும் ஒரு கெடு தேதியும் பக்கத்தில் இல்லாவிட்டால், கொஞ்ச நாளில் அது ‘தோல்வி’க்கு இன்னொரு பெயராகிவிடும். பள்ளி திறந்த முதல் மாதத்தில் இந்தப் பிள்ளைகளை யார் உட்கார வைத்துச் சொல்லித்தருவது என்பதை இப்போதே எழுதிவிடு. ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021இல் தன்னார்வலர்களைக் கொண்டு தெருத் தெருவாகச் செய்ததை உயர்நிலை வகுப்புக்கு நாமே செய்ய வேண்டும்.

எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்பதுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் வரும் நோட்டுப் புகைப்படங்களை நம்பி உட்காராதே. ஒரே தப்பு பத்து நோட்டில் இருக்கும், எழுத்து அண்ணனுடையதாக இருக்கும். அதற்காகப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல், அப்பா வீடு திரும்பிய பிறகு, ஒருவருக்கு ஐந்து நிமிடம் போனில் பேசு. சாதாரண பட்டன் போனே போதும். ‘இந்தக் கணக்கில் மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேள். சொல்லிவிட்டால் அவளுக்குத் தெரியும், சொல்லாவிட்டால் அங்கேயே சொல்லிக்கொடு, அடுத்த வாரம் மறுபடி கேள். தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவை: என்ன கேட்டேன், என்ன சொன்னாள். ஒரு மாதத்தில் இரண்டு தடவை இப்படிப் பேசினால், மூன்று மணி நேரத் தேர்வு காட்டாததையும் அது காட்டும். நாளை யாராவது ‘இந்த எண்ணுக்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டால் அந்த நோட்டை நீட்டலாம். இங்கிலாந்திலும் இங்கேயும் ஆசிரியரின் சொல்லை நம்பத் தயங்கியதற்கு, நம்மிடம் அப்படி ஒரு நோட்டு இல்லாததும் ஒரு காரணம்.

பெரிய வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பாய். இணைய வகுப்பு மணிக்கணக்கைப் பாதியாகக் குறை, நேரம் கிடைக்கும். யாரும் கேட்காத நாற்பது நிமிடப் பேச்சைவிட ஒரு பிள்ளையோடு பேசும் ஐந்து நிமிடம் மேல்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பற்றி அரசு முடிவு செய்யும், அது உன் கையில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழுவதும், அலகுத்தேர்வுகள், செய்முறை, உன் குறிப்பு நோட்டு எல்லாம் உன் கையில் இருக்கின்றன. இதுவரை அரசு போட்ட சூத்திரங்கள் எல்லாம் கடைசியில் இவற்றைத் தேடித்தான் வந்தன.

திட்டத்தை எழுதி முடித்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதே. பள்ளி திறந்திருக்கும்போதே பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன்னால் வாசித்துக் காட்டு. மூடிய நாள் மதிப்பெண்ணுக்குக் கீழே யாரும் போக மாட்டார்கள், பூஜ்யம் கிடையாது, செல்பேசி இல்லாதது குற்றமாகாது, மனநிறைவு இல்லாதவர்கள் திரும்ப எழுதலாம் என்ற நான்கையும் அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய தலைமையாசிரியர்