முளாரபா முதலீடும் விசா நிபந்தனையும்

கரையான்சாவடியில் வசிக்கும் ஒரு குடும்பத்தாரிடமிருந்து நமக்கு வந்த கேள்வி இது. மகன் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் நிதித்துறை மேற்படிப்புப் படிக்கிறார். ‘பிரைவேட் ஈக்விட்டி’ நிறுவனம் ஒன்றில் சேர வேண்டுமென்பது அவருடைய ஆசை. சம்பளம் பெரிது, விசாவோ நிச்சயமில்லை. “ஹஜ்ரத், இந்த வேலை ஹலாலா? விசாவுக்காக ஏஜெண்டு சொல்லும் வழியில் போகலாமா?” என்று தாயார் கேட்டிருக்கிறார். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் குழப்பிக் கொள்ளாமல் பார்ப்போம்.

முதலாவது, வேலையின் தன்மை. ஓய்வூதிய நிதியங்களும் செல்வந்தர்களும் தரும் பணத்தைத் திரட்டி, நிறுவனங்களின் பங்கை வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து வளர்த்து, பின்னர் இலாபத்துக்கு விற்பதே இத்தொழில். நமது சென்னையின் டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனைக் குழுமத்தில் சிங்கப்பூரின் டெமாசெக் 2019-லும், பின்னர் அமெரிக்காவின் டி.பி.ஜி.யும் முதலீடு செய்தன. 2025-ல் அக்குழுமம் பங்குச்சந்தைக்கு வந்தது. நிர்வகிப்பவருக்கு ஆண்டுக் கட்டணம் 2 சதவீதமும் இலாபத்தில் 20 சதவீதமும் என்பது நெடுங்கால வழக்கம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதைக் கேட்டவுடன் முளாரபா பாடம் நினைவுக்கு வரும். ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார், இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரித்துக் கொள்வார்கள். நஷ்டம் வந்தால் முதல் கொடுத்தவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்பு கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்றதை அறியாத முஸ்லிம் வீடு உண்டா? ஆகவே பிறர் முதலைக் கொண்டு தொழில் நடத்துவது மார்க்கத்துக்குப் புதியதன்று. அந்த ஆண்டுக் கட்டணம் முளாரபாவில் பொருந்தாது. அதைத் தனி ஒப்பந்தமாக, வகாலத் கூலியாகப் பிரிக்கலாம் என்போர் உண்டு. புதிதாகச் சேரும் இளைஞருக்கு இது பெரிய பிரச்சினையல்ல. அவர் மாதக் கூலி பெறுபவர்.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. ‘பைஅவுட்’ எனப்படும் வகையில், வாங்கும் விலையின் பெரும்பகுதி வட்டிக் கடன். வாங்கப்பட்ட நிறுவனமே அந்தக் கடனைத் தன் வருமானத்திலிருந்து அடைக்க வேண்டும். கே.கே.ஆர். நிறுவனம் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவை ஏறத்தாழ 2,500 கோடி டாலருக்கு வாங்கி 1989-ல் முடித்தபோது, அதில் பெரும்பகுதி கடனாகவே இருந்தது. அந்த நிறுவனம் சிகரெட்டும் விற்றது என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைப்போம்.

சிலர், “பஹ்ரைனின் ஆயோஃபி அமைப்பு 30 சதவீதம் வரை கடனுள்ள நிறுவனத்தின் பங்கை வாங்க அனுமதிக்கிறதே” என்பர். அந்தச் சலுகை, நிறுவனம் கடன் வாங்குவதைத் தடுக்க இயலாத சாதாரணப் பங்குதாரருக்குச் சிரமம் நீக்குவதற்காக. பைஅவுட்டிலோ கடனை ஏற்பாடு செய்பவரே இவர்தாம்! அந்த வட்டிக் கணக்கைப் போட்டு, கடன் பத்திரங்களைத் தயாரிப்பது இளநிலை ஊழியரின் அன்றாட வேலை. வட்டி வாங்குபவர், கொடுப்பவரோடு அதை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதால், இந்தப் பிரிவில் சேருவதை நாம் சரி காண மாட்டோம். கடனில்லாமல் வளரும் நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்யும் பிரிவும் உண்டு. முதலீடு செய்யப்படும் தொழில் ஹலாலாக இருந்தால் அதில் சேரத் தடையில்லை.

இனி விசா. படிப்பு முடிந்தபின் 12 மாதம் பணிபுரிய அனுமதி கிடைக்கும். அறிவியல், கணிதப் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட படிப்பென்றால் மேலும் 24 மாதம். அதற்குள் எச்-1பி கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000; அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியிலுள்ளோருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. இத்தொழில் நிறுவனங்களில் ஆட்கள் குறைவு. முதலீட்டு வங்கியில் வேலை பார்ப்போரை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அவை தேர்ந்தெடுத்து வைக்கும். குலுக்கலில் பெயர் வருமா என்று தெரியாதவருக்காகச் சிறிய நிறுவனங்கள் காத்திருப்பதில்லை.

குலுக்கல் சூதாட்டமாகாதா என்ற ஐயம் சில வீடுகளில் உண்டு. ஆகாது. ஒருவர் தோற்ற பணத்தை மற்றவர் அள்ளிக் கொள்வதே சூது. சம உரிமையுள்ளோரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போடுவது வேறு. பயணத்தில் உடன் வரும் மனைவியைத் தேர்ந்தெடுக்க நபி (ஸல்) அவர்களே சீட்டுப் போட்டுள்ளார்கள்.

ஆனால் ஏஜெண்டு சொல்லும் வழி? 2023-ல் நடந்த குலுக்கலுக்கு வந்த பதிவுகள் 7,80,884. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ஒரே நபருக்குப் பல கம்பெனிகள் செய்த பதிவுகள். அதன்பின் நிறுவனக் கணக்கை விட்டு ஆள் கணக்கில் குலுக்கும்படி விதி மாற்றப்பட்டது. இல்லாத வேலையைக் காட்டிப் பதிவதும், பொய் அனுபவச் சான்றிதழ் தருவதும் மார்க்கத்தில் மோசடியே. இதற்கு நம் ஃபிக்ஹில் தெளிவான பாடம் உண்டு. அந்நிய நாட்டுக்குள் பாதுகாப்பு வாக்குப் பெற்று நுழைவதை ‘அமான்’ என்பர். அவ்வாறு நுழைந்த முஸ்லிம் வியாபாரி அந்நாட்டாருக்குத் துரோகம் செய்வது ஹராம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஹிஜ்ரி 189-ல் மறைந்த இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள் நாடுகளுக்கிடையிலான சட்டங்களைப் பற்றியே தனி நூல் எழுதினார்கள். இன்றைய விசா என்பது அந்த அமானே. எனவே எச்-1பியில் இருந்துகொண்டு நண்பரின் கம்பெனியில் மறைவாக வேலை செய்வதும் கூடாது. பங்கு வாங்கிச் சும்மா வைத்திருப்பது வேறு. அதைச் சட்டமே தடுக்கவில்லை.

வேலை போனால் 60 நாள் அவகாசம்தான். நிரந்தரக் குடியுரிமை அட்டைக்கோ, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பினால் இந்தியர்கள் பல்லாண்டு வரிசையில் நிற்கின்றனர். மகனின் சம்பளத்தை நம்பி இங்கே வீட்டுக் கடன் போடும் பெற்றோர் இந்த 60 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பினால் படிப்பு வீண் என்று தாயார் கலங்க வேண்டியதில்லை. செபி 2012-ல் வகுத்த விதிகளின்கீழ் இத்தகைய நிதியங்கள் இந்தியாவிலேயே இயங்குகின்றன, சென்னையில் டி.வி.எஸ். கேபிடல் 2007-லிருந்து இருக்கிறது. பங்கு வாங்க வங்கிகள் கடன் தருவதை ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்ததால், இங்கே கடன் குவிக்கும் பைஅவுட்டைவிட வளர்ச்சி முதலீடே அதிகம் நடந்திருக்கிறது. அங்கானாலும் இங்கானாலும் நேர்முகத் தேர்வில் மகன் கேட்டறிய வேண்டியவை: எந்தத் தொழில்களில் முதலீடு செய்கிறீர்கள்? வாங்கும் விலையில் கடன் எவ்வளவு? அந்தக் கடன் பத்திரங்களை யார் தயாரிப்பது?